எதிர்க் கம்பத்துக் குழாய்

மலாயாவில் வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நடந்தது இது. அப்போது நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். போட்ட புண்ணியவான்கள் கிணற்றை வெளியே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் கேட்டை மூடிவிட்டால், பீப்பாயில் பிடித்து வைத்ததுதான் தண்ணீர்.

ரோட்டுக்கு எதிரே புதிதாக ஒரு சீனக் கம்பம் வந்தது; கிராமத்தைத்தான் இங்கே கம்பம் என்போம். காட்டோரம் இருந்த சீனர்களை லோரியில் ஏற்றிக்கொண்டுவந்து அங்கே குடிவைத்தார்கள். அவர்களுக்கும் வேலிதான். ஆனால் உள்ளே குழாய்த் தண்ணீர், பள்ளிக்கூடம், வந்து பார்த்துவிட்டுப் போக நர்ஸ்! எனக்கு வயிறு எரிந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் குழாய்தான் கண்ணில் படும். ஒருத்தி சிலிப்பரைக்கூட அந்தத் தண்ணீரில்தான் கழுவுவாள். அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

“அவங்களுக்குக் கம்பத்தையே கட்டிக் குடுத்துட்டு, நமக்கு வேலிய மட்டும் கட்டிக் குடுத்துட்டாங்க லா” என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வருஷத்து வறட்சியில் கிணறு கலங்கிப்போனது. என் சின்ன மகளுக்கு வயிற்றுப்போக்கு. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. நல்ல தண்ணீராகக் காய்ச்சிக் கொடுக்காவிட்டால் பிள்ளை தாங்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நல்ல தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

வேலை முடிந்ததும் பால் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கம்பத்துக்குப் போனேன். கேட்டில் நின்ற காவல்காரர் உள்ளே விடவில்லை. தண்ணீர் கம்பத்து ஆட்களுக்கு மட்டும்தானாம். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறது என்று கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்தவள் அந்தச் சிலிப்பர்க்காரிதான். வாளியை வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள். பால் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தின் வாடை எவ்வளவு கழுவினாலும் லேசில் போகாது. இருந்த பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

“இதுலயா புள்ளைக்குத் தண்ணி கொண்டுபோற?” என்று கொச்சை மலாயில் திட்டிவிட்டு, தன் வீட்டுத் தகரத்தில் நிறையப் பிடித்து வந்து கேட்டில் வைத்தாள். காவல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வாடையை வைத்து எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அவளும் பால் வெட்டினவளாம், அதுவும் சொந்த மரங்களில். சர்க்கார் ஆட்கள் வீட்டைக் கொளுத்திவிட்டுத்தான் லோரியில் ஏற்றினார்களாம். மரங்கள் காட்டோரம் நிற்கின்றன, போய் வெட்ட அனுமதி இல்லை. பேசும்போதே என் இடுப்பில் இருந்த பால் வெட்டும் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் குழாயைப் பார்க்கும் அதே பார்வை. எனக்கா தெரியாது?

“ஒனக்காவது காலையில எந்திரிச்சுப் போறதுக்கு மரம் இருக்கு” என்றாள்.

மழை வரும்வரை தினமும் தண்ணீர் கொடுத்தாள். மகள் பிழைத்துக்கொண்டாள். பொறாமை மட்டும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். எங்கள் லயத்துக்குக் குழாய் வரும்வரை எரிந்துகொண்டுதான் இருந்தேன். அவளைத் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு வேலியையும் போட்டவர்களைத் திட்டினேன். இன்றும் சர்க்கார் யாருக்கோ எதையோ கொடுத்தது என்று கேள்விப்பட்டால் முதலில் எரிச்சல்தான் வருகிறது. அடுத்த நிமிஷமே, அவர்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.