எடைக்கு முன் தண்ணீர் இல்லை

பகல் இரண்டு மணிக்குத் தங்கவயல் சுரங்க வாசலில் நான் முதலில் கண்டது ஒரு பெரிய தராசு. பூமிக்கடியில் உடல் எவ்வளவு வியர்வை இழக்கிறது என்று ஆராய வந்த டாக்டர் துரை, ஷிப்ட் முடிந்து எடை பார்க்கும்வரை யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று உத்தரவிட்டிருந்தார். நான் அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்த முனுசாமி என்ற தொழிலாளி சுருண்டு விழுந்தார். அவர் மனைவி செம்போடு ஓடிவந்தார்.

டாக்டரோடு வந்திருந்த கம்பவுண்டர் மறித்தார். "எடை பாக்காம தண்ணி குடுத்தா கணக்கு கெட்டுப்பூடும்மா."

"என் வூட்டுக்காரு இன்னா அரிசி மூட்டையா? நவுருங்க சாமி!"

நினைவில்லாத மனிதரை இருவர் தூக்கித் தராசில் உட்கார்த்தினார்கள். முள் ஆடி அடங்கும்வரை டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமையை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆராய்ச்சி என்றாலே கைகட்டி நிற்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

முள் நின்றபின் மனைவியை அருகே விட்டார்கள். அவர் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வழிந்தது.