தலையணை உறையோடு வந்த வாடிக்கையாளர்

என் மகள் வேலைக்குப் போவதில்லை. வேலைதான் எங்கள் வீட்டுக்கு வருகிறது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியோடு நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்குப் பிறகு பேரனுக்கும் பேத்திக்கும் நான்தான் பொறுப்பு. அந்தக் கதவின் பிணைச்சல்களில் எட்டுத் திருகாணிகள் இருக்கின்றன, இரண்டு துருப்பிடித்துவிட்டன. இதையெல்லாம் எண்ணும் அளவுக்கு நானும் பிள்ளைகளும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

போன கிழமை பேரன் என் கைத்தொலைபேசியை எடுத்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தாய்க்கு அழைப்பு எடுத்துவிட்டான். மகள் வெளியே வந்து, "அப்பா, ஏன் போனைக் குடுத்தனீங்கள்? மீட்டிங்கில இருக்கிறன் எல்லே" என்று என்னைத்தான் கடிந்தாள். அவன் வயதில் நான் செய்ததற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

அப்போது நாங்கள் திருகோணமலையில், துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளோடு வேலை. விடியப் போனால் பொழுதுபட்ட பிறகுதான் வருவார். அம்மா வீட்டிலிருந்தே தைத்தார். பட்டினத்துத் தையற்கடை முதலாளி வெட்டிய துணிகளைப் பொட்டலமாகக் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்து தருவார். எல்லாம் வெள்ளைச் சட்டைகள். வெள்ளை என்பதுதான் வினை. நானும் தவழப் பழகிய தங்கச்சியும் தொட்ட இடத்தில் சம்பலோ மண்ணோ ஒட்டாமல் இருந்ததில்லை. ஆகவே அம்மா தையல் சோக்கட்டியால் சீமெந்துத் தரையில் ஒரு கோடு கீறியிருந்தார். மெசின் இருந்த பக்கம் அவருடையது. மற்றப் பக்கம் எங்களுடையது. தங்கச்சிக்குக் கோடு விளங்காது என்பதால், பழைய சேலைத் துண்டால் அவளை இடுப்பில் கட்டி, மறுமுனையை மேசைக்காலில் முடிந்துவிடுவார். எனக்குக் கோடு விளங்கும். அதனால் என்னைக் கட்டவில்லை.

கோட்டோரம் குந்தியிருந்து அம்மாவின் முதுகைப் பார்ப்பேன். நான் எண்ணப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த முதுகுக்குப் பின்னால்தான். மெசின் நிற்கும்போதெல்லாம் இனித் திரும்பிப் பார்ப்பார் என்று நினைப்பேன். நூல் அறுந்திருக்கும், கோத்துக்கொண்டு மறுபடி மிதிப்பார். "அம்மா" என்று கூப்பிட்டால், "ஓம் ராசா, இந்தக் கை முடியட்டும்" என்பார். ஒரு சட்டைக்கு இரண்டு கை. ஒரு பொட்டலத்துக்கு எத்தனை கை என்று எண்ணிப் பார்த்து மனம் சோர்ந்துபோவேன்.

அயல் பெண்கள் யாராவது ரவிக்கை தைக்கவென்று முன்கதவைத் தட்டினால் நிலைமை வேறு. அம்மா உடனே எழும்புவார். முகத்தைத் துடைத்து, மயிரை ஒதுக்கி, "வாங்கோ, இருங்கோ" என்று சிரித்தபடி கதிரையை இழுத்துப் போடுவார். அவர்களுடைய வீட்டுக் கதையெல்லாம் கேட்பார். கதிரையில் இருப்பவரைத் தவிர வேறு ஒருவரையும் பார்க்கமாட்டார்.

தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்ததில் முந்தின பொட்டலம் பிந்திப்போயிருந்தது. இனியும் பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த பொட்டலத்தை எடுக்க அவர் வரவேண்டிய அன்று, காலையிலிருந்து அம்மா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பின்னேரம், கொடியில் காய்ந்த தலையணை உறை ஒன்றை உருவி எடுத்து, பின்பக்கத்துக் குசினி வாசலால் வெளியேறி, வேலியைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். அப்பாவின் பழைய செருப்பைப் போட்டிருந்தேன்; பெரிய ஆட்கள் செருப்போடுதான் வருவார்கள். கதவைத் தட்டினேன். மெசின் நின்றது.

அம்மா சிரித்தபடி கதவைத் திறந்தார். அந்தச் சிரிப்பு பெரிய ஆள் ஒருவரின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு என்னிடம் இறங்கி வந்தது.

"ஆர் நீங்கள்?"

"சட்டை தைக்கக் குடுக்க வந்தனான்" என்று உறையை நீட்டினேன்.

அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அம்மா உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல துணி. எங்க எடுத்தனீங்கள்?"

"கொடியில."

"வாங்கோ ஐயா, இருங்கோ."

கதிரையில் ஏறி இருந்தேன். கால் நிலத்துக்கு எட்டவில்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

"வீட்டில எல்லாரும் சுகமோ?"

"சுகமில்லை. அம்மா ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

அம்மா என்னை இறக்கி நிறுத்தி, முழங்காலில் நின்று, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை என் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார். வெளியே, வேலிப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

"அம்மா, முதலாளி."

"நில்லுங்கோ, இன்னும் அளவு முடியேல்லை."

மணி மறுபடி அடித்தது. அம்மா தலையைக் குனிந்து நாடியை என் தோளில் ஊன்றியிருந்தார். நாடாவை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் குனிந்து நானே வாசித்துக்கொண்டேன்: இருபத்திரண்டரை.

முதலாளி உள்ளே வந்தார். "என்ன தங்கச்சி, பெரிய ஆக்களுக்கெல்லாம் தைக்கிறியள் போல" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மெசினடியில் கிடந்த துணியைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "இன்னும் மூண்டு சட்டை கிடக்கு."

"கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை, முடிச்சுத் தாறன்."

"போன முறையும் இதைத்தானே சொன்னனீங்கள். குறை சொல்லேல்லை, தங்கச்சி. ரெண்டு குஞ்சுகளையும் வச்சுக்கொண்டு உங்களுக்கு ஏலாது."

தைத்ததையும் தைக்காததையும் ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கென்று கொண்டுவந்த புதுப் பொட்டலம் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்தது. அதை அவர் இறக்கவில்லை.

சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, நான் இருந்த கதிரையில் இருந்தார். எனக்கோ வேறு ஒரு கவலை. அளவை அம்மா எழுதிவைக்கவில்லை.

"இருபத்திரண்டரை" என்றேன். "மறந்திடுவீங்கள் அம்மா, எழுதுங்கோ."

"ஓம், எழுதிறன்" என்றார். எழும்பவில்லை.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. வெளிச்சம் இருக்கும்போது அம்மா சும்மா இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை. யாரோ துணியோடு வரப்போகிறார்கள், அவர்களுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆகவே அவருடைய மடியில் ஏறி இருந்துகொண்டு, ஒருவரும் வந்துவிடக் கூடாது என்று புனித அந்தோனியாரிடம் மன்றாடினேன்.