வீட்டுக்காரரைப் புகழ்ந்து ஒரு கடிதம்

என் வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பஸ்களுக்கு வேலை பார்க்கிறார். அந்த இடத்தை முதலாளி விற்கப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட சமயத்தில், நியூசிலாந்தில் லாரி மெக்கானிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எவனோ இவர் காதில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து சாப்பிடும்போதுகூட கையில் போன்தான். இவர் பாட்டுக்கு பிளேன் ஏறிவிட்டால் நானும் மகளும் இங்கே தனியாக என்ன செய்வோம்? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உப்பு, புளி, ஈரத்துண்டு என்று மற்ற எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ரெஸ்யூம் அடித்து, கிடைத்த கம்பெனிக்கெல்லாம் அனுப்பினார். ஒருத்தரும் பதில் போடவில்லை. கடைசியில் தாளை என்னிடம் நீட்டினார்.

"நீ பி.காம். படிச்சவதான. இதுல இன்னா தப்பு கீதுன்னு பாரேன்."

பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. மேல் மூலையில் இவர் போட்டோ. கழுத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரன் நீலக் கோட்டும் டையும் ஒட்டியிருந்தான். எங்கள் ரிசப்ஷனுக்கே கோட்டு போடமாட்டேன் என்று அடம்பிடித்த மனுஷர்! கீழே அப்பா பெயர், மதம், ஜாதி, கல்யாணமானவர் என்கிற தகவல். பொழுதுபோக்கு, புத்தகம் படித்தல்.

"நீங்க எப்பங்க புக்கு படிச்சீங்க?"

"அது சென்டர்காரன் அவனா போட்டுகினான்."

கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி வேறு, கையெழுத்தோடு. என்ன வேலை தெரியும் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. டீசல் மெக்கானிக், அனுபவம் உண்டு. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பைத் திறந்தேன். நெட்டில் தேடிப் படித்ததில் புரிந்தது, அந்த ஊர்க்காரர்களுக்கு அப்பா பெயரும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். இவர் எதை ரிப்பேர் செய்தார், எப்படிச் செய்தார் என்பதுதான் வேண்டும். கூடவே ஒரு கவர் லெட்டர், உங்களை ஏன் எடுக்கவேண்டும் என்று.

"சொல்லுங்க, உங்கள ஏன் எடுக்கணும்?"

"வேலை தெரியும்னு எழுது."

"அது எல்லாருக்குந்தான் தெரியும். நீங்க இன்னா பெருசா பண்ணீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? வண்டி வரும், பாப்போம், அனுப்பிடுவோம். நம்மளப் பத்தி நாமளே பெருமை பேசிகினா அசிங்கமா இருக்காது?"

ஆக, பேசவேண்டியது நான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷரை நான் ஒரு வார்த்தை புகழ்ந்தது கிடையாது. பாத்ரூம் சோப்பில் கிரீஸ் அப்பிவைப்பதற்குத் திட்டியே பழக்கம். இப்போது இங்கிலீஷில் உட்கார்ந்து புகழவேண்டுமாம். என்ன கொடுமை!

யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு லீவு நாளில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். வழியோரத்தில் ஸ்கூல் பிள்ளைகள் வந்த பஸ் ஒன்று நின்றிருந்தது. "கொஞ்சம் இரு, வந்துர்றேன்" என்று புதுச் சட்டையோடு அதற்கு அடியில் புகுந்தவர், வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தார். நான் மகளோடு மணலில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தேன். வீடு திரும்பும்வரை அவரோடு பேசவில்லை. இவருடைய அசட்டுத்தனத்துக்கு உதாரணமாக அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

"அந்த பஸ்ஸுக்கு இன்னாதான் ஆச்சு?" என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"பிரேக்குல காத்து எறங்கிகினே இருந்திச்சி, அமுத்துனா சரியா புடிக்காது. டிரைவரு மெதுவா ஓட்டிகினு போயிடறேன்றான். நான் சாவிய எடுத்து ஜோபுல போட்டுகினேன். காத்து போற ஓஸ் புதுசு வாங்கியாந்து மாட்டி, ஓட்டிப் பாத்துட்டுதான் சாவியக் குடுத்தேன். சின்னப் புள்ளைங்க போற வண்டி, எப்டி உடறது?"

அதை அப்படியே இங்கிலீஷில் அடித்தேன். அடிக்க அடிக்கக் கடிதம் நன்றாக வந்துகொண்டிருந்தது, எனக்கோ கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நன்றாக எழுதினால் எடுத்துக்கொள்வார்களே! இந்த சாவிக் கதையை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நிமிர்ந்து பார்த்தேன். அவர் பாயில் படுத்திருந்தார். அவர் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அழிக்க மனசு வரவில்லை. அனுப்பிவிட்டேன்.

பதில் வந்தது. போனில் வீடியோ இன்டர்வியூ. நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு அம்மாள் நேராக அந்த பஸ்ஸைப் பற்றித்தான் கேட்டார். இவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம். போதாததற்கு டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு பிரேக்கை விளக்கினார். அந்த அம்மாளும் தலையாட்டி ரசித்துக் கேட்டார். கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். 'நோ, தேங்க்யூ' சொல்லவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவைத்திருந்தேன்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒய்ஃப், டாட்டர் ஆல்சோ கம்? தே நோ கம், ஐ நோ கம்."

போன் கைநழுவப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதே சமயம் உள்ளுக்குள் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அப்புறம் மெயில் வந்தது. வேலை உண்டு, குடும்பத்தோடு வரலாம், அதற்கான பேப்பர் வேலைக்குக் கம்பெனி உதவும், அங்கே மனைவியும் வேலை தேடிக்கொள்ளலாம் என்று. இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். படித்து முடித்ததும் அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இப்ப உன்னுது. நான் சொல்றேன், நீ அடி."

"என்னப் பத்தி எழுத இன்னாங்க கீது? கல்யாணத்துக்கு முன்னாடி மறைமலைநகர்ல கணக்கு பாத்ததுதான்."

"பாப்பாக்கு ஜுரம் வந்தப்ப, இந்த மருந்து இவளுக்கு ஒத்துக்காதுன்னு டாக்டரையே நிக்கவெச்சிக் கேட்டியே. அவரு சீட்டப் பாத்துட்டு மாத்திக் குடுத்தாரே. அத எழுது."

"அதெல்லாம் ஞாபகம் கீதா உங்களுக்கு?"

"ஏன், நான் இன்னா தூங்கிகினா இருந்தேன்?" என்றவர், விரல்விட்டு எண்ணி அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணீர் மறைத்ததில் எனக்கு எழுத்து தெரியவில்லை.

"மெதுவா சொல்லுங்க," என்று கத்தினேன். "அடிக்க வேணாமா நான்?"