பூச்சிக்கொடியை வெட்டச் சொன்ன மனு

அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்தியதில் எனக்கு மிஞ்சிய திறமை ஒன்றுதான். எந்த மனுவை எந்தச் சொல்லைப் போட்டு எழுதினால் எந்த மேசையிலிருந்து நகரும் என்று தெரியும். போர்ட் பிளேரில் எங்கள் மேட்டுக் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் முதல் கப்பல் டிக்கெட் வரை யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையின் லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்குக் கீழே, சரிவில், ஓர் அம்மா மகளோடு குடியிருக்கிறார். ஏறக்குறைய என் வயது. சிறுமியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே ஓய்வு பெற்றவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்த அரசு நிலத்துண்டில் ஒரு கொடியை வளர்த்திருந்தார். வெற்றிலையைப் போல இலை. அவர் அதைப் பூச்சிக்கொடி என்பார். நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளை என்கிறோமே, அந்த இனம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆடு தீண்டாத அந்தச் செடியில் கருப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக வண்ணத்துப்பூச்சிகள் வந்து முட்டையிடும். கருஞ்சிவப்புப் புழுக்கள் இலையைத் தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாக மாற இடம் தேடி என் கம்பிவேலியைத் தாண்டி வரும்.

ஒருநாள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நான் விதிமுறை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் சிரிப்பு. காலருக்குக் கீழே ஒரு கூட்டுப்புழு நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்ததாம். வேலியோரத் துணிக்கயிற்றில் உலர்த்திய சட்டை.

நேரே கீழ்வீட்டுக்குப் போனேன்.

"ஏம்மா, அந்தக் கொடியை வெட்டிவிடக் கூடாதா?"

"வெட்டுனா அதுங்க எங்க போகும் தொர? இதவிட்டா வேற எதையும் தின்னாது. மேடு பூரா வீடு கட்டியாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்." பிறகு அவரே சொன்னார்: "கட்சால்ல சுனாமி அலை வந்த பொறவு உப்புத் தண்ணி நின்னு கொடியெல்லாம் கருகிப்போச்சு. ஒரு பூச்சி இல்ல. மறுபடி கொடி தளுத்துச்சு, எங்கிருந்தோ வந்துருச்சுங்க."

இதில் என் காதில் விழுந்தது 'தொர' மட்டும்தான். தோட்டத்தில் மேலாளரைக் கூப்பிடும் சொல். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தீவில் சிமெண்ட் பூசாத எல்லாவற்றுக்கும் அலுவலகத்தில் ஒரே பெயர்தான்: ஜங்கிள். 'கொடி' என்று எழுதினால் கோப்பு தூங்கும். 'ஜங்கிள் கிளியரன்ஸ்' என்று எழுதினால் அதற்கென்று ஆளும் ஆணையும் உண்டு. அப்படியே எழுதினேன். பாம்பும் காங்கஜூராவும் நடமாடுவதாகச் சேர்த்தேன். அந்த விஷப் பூரானை அங்கே நான் ஒருநாளும் கண்டதில்லை. இரண்டாவது கோரிக்கையாக, அந்த இடத்தில் வடிகால் ஒன்றும் கேட்டேன். பெயரில்லாத மனுவைக் கவனிக்க மாட்டார்கள் என்று தெரியும், ஆகவே கையெழுத்தும் போட்டேன்.

பத்தே நாளில் மஸ்தூர்கள், அதாவது அரசுக் கூலியாட்கள், வந்தார்கள். அந்த அம்மா மகளை ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். வெட்டி முடிக்க அரைமணி நேரம்தான் ஆயிற்று. "சாப், ஜங்கிள் சாஃப்!" என்று, காடு சுத்தமான சேதியைச் சொல்லி ஒருவன் எனக்கு சலாம் வைத்தான். நான் தலையாட்டினேன். மறுநாள் வடிகாலுக்கென்று ஜல்லியும் வந்து கொட்டப்பட்டது.

அன்று சந்தையிலிருந்து திரும்பி வந்த அவர் வெட்டிக் குவித்த கொடியிலிருந்து புழுக்களைப் பொறுக்கிப் பெயிண்ட் வாளியில் போட்டார். வாடிய இலை இரண்டு நாள் தாங்கியது. பிறகு வெற்றிலை வைத்துப் பார்த்தார், அவரைக்கொடி இலை வைத்துப் பார்த்தார். புழுக்கள் முகர்ந்துவிட்டு ஒதுங்கின. சாத்தம் தீவு வரை நடந்து தேடியும் அந்த இலை கிடைக்கவில்லை. நான்காம் நாள் வேலியோரம் வாளியை எனக்குக் காட்டினார்.

"பாருங்க. கூடு கட்டுன புழுவ மத்ததுங்க திங்குது."

பார்த்தேன். "அடப்பாவமே" என்று சொன்னேன். நானேதான் சொன்னேன்.

மேலே ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி முட்டையிட அந்த இலையைத் தேடி அந்த வாரம் முழுக்க அலைந்தது. முன்காலால் தட்டித் தட்டி இலையை அறியுமாம். செம்பருத்தியைத் தட்டியது, குரோட்டன்ஸைத் தட்டியது, என் கம்பிவேலியையும் தட்டிப் பார்த்தது.

பிறகுதான் அவர் என் வாசலுக்கு வந்தார். வேறு யாரிடம் போவார்?

"யாரு எழுதிக் குடுத்து வெட்டுனாங்கன்னு கேட்டு ஒரு மனு எழுதிக் குடுங்க தொர."

தகவல் உரிமை மனு எழுதினேன். 'யார் கேட்டு வெட்டப்பட்டது' என்பதற்குப் பதிலாக 'ஏன் வெட்டப்பட்டது' என்று எழுதினேன். ஏன் என்பது தகவல் ஆகாது, திருப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு எனக்கு நன்றி சொல்லிப் போனார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன்.

"ஏன்னு கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"சட்டப்படி சொல்ல வேண்டியதில்லை."

"அப்ப என்னான்னு கேட்டா சொல்லுவாங்க?"

"யாருன்னு கேட்டா."

"அதத்தான நான் கேக்கச் சொன்னேன்?"

மேல்முறையீடு செய்யலாம் என்று வாய் வரை வந்தது. அதற்கும் படிவம் வீட்டில் இருந்தது.

"மனு கொடுத்தது நான்தாம்மா."

அவர் என் கையிலிருந்த பதில் காகிதத்தைச் சுட்டிக்காட்டினார்.

"நான் கேக்கச் சொன்னதையும் நீங்கதான மாத்தி எழுதுனீங்க?"

"ஆமாம்."

"கையெழுத்துப் போட்டுட்டு ஒங்களுக்கு நன்றி வேற சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அடுத்துக் கேட்டது ஜல்லியைப் பற்றி.

"அதுக்கு அடியில வேரு இருக்குமா? தோண்டி எடுத்தாங்களா, மேலாப்புல வெட்டுனாங்களா?"

"மேலேதான் வெட்டினார்கள். ஆனால் திங்கட்கிழமை சிமெண்ட் போட வருகிறார்கள்."

அது வெள்ளிக்கிழமை. அவர் கீழே இறங்கிப் போய் மண்வெட்டியும் ஒரு சட்டியும் எடுத்துவந்து ஜல்லியை ஒதுக்க ஆரம்பித்தார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். குனிந்து ஒரு கை ஜல்லியை அள்ளியபோது நிமிராமலே சொன்னார்.

"வேணாம் சார். நீங்க மேல போங்க."

கேலியென்று நான் நினைத்த 'தொர' இல்லை, வெறும் 'சார்'. மேலே போகவும் முடியாமல், குனியவும் முடியாமல், அள்ளிய ஜல்லியோடு வேலியோரம் நின்றேன். அவர் தோண்டிக்கொண்டே இருந்தார்.