லட்டு ரவையும் அம்மாவின் ரிவோல்வரும்

எங்கள் வீட்டில் சமைப்பது அப்பா, துப்பாக்கி சுடுவது அம்மா. லண்டனில் எங்கள் தெருவில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். நம்பியபின் அப்பாவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் அம்மாவைப்போல வெடிச்சத்தத்துக்குப் பயந்த ஒருவரை நான் கண்டதில்லை. நவம்பரில் லண்டன் முழுக்க வாணவேடிக்கை விடும் அந்த இரவில் எங்கள் வீட்டில் மட்டும் திரைச்சீலைகள் மூடியிருக்கும், டீவி அலறும், அம்மா மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலுமாரிக்குள் கம்பளியோடு இருப்பார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்து ஷெல்லடிக்குள் வளர்ந்தவர் என்று அப்பா சொல்வார். எனக்கு ஷெல்லாவது மண்ணாவது. வகுப்பில் எல்லோரும் பார்த்த வாணத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. ஒரு வருடம் அந்த அலுமாரிக் கதவுக்கு வெளியே இருந்து அழுது தீர்த்தேன்.

அடுத்த கோடையில் அம்மா, தன்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அன்ரியின் பின்னால் போய் ஒரு துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தார். பழங்காலத்து ரிவோல்வர்களைக் கரிமருந்தால் சுடுகிற சங்கம். அதற்குத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையின் ஒவ்வொரு குழியிலும் மருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து அழுத்தி, பின்பக்கத்தில் சின்னச் செம்புத் தொப்பியை மாட்டவேண்டும். தொப்பியில் அடி விழுந்தால் உள்ளே தீப்பற்றும். சத்தம் பெரிதாக வரக்கூடாதென்று அம்மா மருந்தைக் குறைத்தே போடுவார். குறைத்தால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விழும், அது ஆகாது. அந்த இடத்தை நிரப்ப அங்கே எல்லோரும் போடுவது ரவை. உப்புமா கிண்டுகிற அதே ரவைதான்.

வெடிமருந்து எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று சட்டம் இருந்தது. ரவைக்குச் சட்டமில்லை. சனிக்கிழமைகளில் அம்மா குசினி மேசையில் இருந்து, சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் ரவையை அள்ளி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, பழைய பஸ் அட்டையால் வழித்துச் சமன்செய்து, மூடி போட்ட சின்னக் குப்பிகளில் நிரப்புவார்.

"உப்பு எவ்வளவு போடோணும் எண்டு தெரியாது. இதிலை மட்டும் என்ன அளவு!" என்பார் அப்பா.

அம்மாவின் பரீட்சை தீபாவளி வாரத்தில் வந்தது. தேறினால் முழு அங்கத்தவர். கைநடுக்கம் நிற்காவிட்டால் இனி வரவேண்டாம் என்று அங்கே பொறுப்பாக இருந்த மீசைக்காரர் மரியாதையாகச் சொல்லியிருந்தார். நான் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவோடு நின்றேன். எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன்.

அம்மா அளந்தார், நிரப்பினார், கையை நீட்டினார், விசையை இழுத்தார். "டிக்" என்றது. வேறு எதுவும் நடக்கவில்லை.

அப்படி நடந்தால் துப்பாக்கியைத் தாழ்த்தக்கூடாது. உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கலாம், எந்த நொடியும் வெடிக்கலாம். இலக்கைப் பார்த்தபடி அப்படியே நிற்கவேண்டும். மீசைக்காரர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அம்மா நின்றார். நின்றுகொண்டேயிருந்தார். நீட்டிய கை அசையவில்லை.

வெடிக்கவேயில்லை. அம்மா மறுபடி விசையை இழுக்க, அடுத்த குழி "பொக்" என்று இருமியது. வெள்ளைப் புகை எழுந்தது, கூடவே கருகிய நெய்யும் ஏலக்காயும் மணத்தது. வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து மூக்கை உறிஞ்சினார்கள். அப்பா தலையில் கை வைத்தார்.

"ஐயோ, அது நான் லட்டுக்கு நெய் விட்டு வறுத்து வைச்ச ரவையெல்லே!"

நெய் ஊறினால் மருந்து எங்கே பற்றும்? இலக்குத் தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை. அம்மா தோற்றுவிட்டார் என்றே முடிவுகட்டினேன். மீசைக்காரரோ சிரித்துச் சிரித்து, அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, முழு அங்கத்தவர் என்று சொல்லிவிட்டார். பாவம் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

காரில் அம்மாவைத் தேற்றுவது என் கடமையாயிற்று. "பரவாயில்லையம்மா. நெய் இல்லாட்டி நல்லா வெடிச்சிருக்கும்."

"ஓம் பிள்ளை," என்றார் அம்மா. சிரித்தார். கண்ணையும் துடைத்தார். அப்பா வழக்கமில்லாமல் வானொலியை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டினார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா தன் பயத்தைப்பற்றி ஒருமுறை சொன்னார். "ஷெல் வெளிக்கிடுற சத்தம் முதல்லை கேக்கும். பிறகு எங்கை விழப்போகுதெண்டு பாத்துக்கொண்டிருக்கோணும். விழுந்தாப் பயமில்லை. விழும்வரைக்கும்தான் பயம்."

பரீட்சை நடந்த அந்த வருடம் நவம்பரில் அம்மா திரைச்சீலையை மூடவில்லை. என் கையைப் பிடித்து வாணவேடிக்கை நடக்கிற திடலுக்குக் கூட்டிப்போனார். அதற்காக அவருக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது. பச்சையும் சிவப்பும் பொன்னுமாக வானம் பூத்தது. ஒவ்வொரு வாணமும் கூவிக்கொண்டு மேலே ஏறும்போது அம்மாவின் பிடி இறுகும், வெடித்ததும் தளரும். எனக்குக் கை வலித்தது. இவ்வளவு சனத்துக்குள் நான் தொலைந்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயமாக்கும் என்று நினைத்து, "நான் எங்கையும் போகமாட்டனம்மா" என்று சொன்னேன்.