தேரன்று தரையில் கிடந்த பிளக்

பேய், பிசாசு, சாமியாட்டம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, இப்போதும் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான், அதுவும் கம்ப்யூட்டர். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

குடவாசல் பக்கம் ஒரு விதைநெல் கிடங்கில் சர்வர் என் பொறுப்பு. மூட்டையில் வெறும் எண்தான் இருக்கும், யார் வயல், என்ன ரகம் என்பதெல்லாம் சர்வரில். திடீரென்று கரண்ட் போனால் பதிவு பாதியில் அறுந்துவிடும் என்று சண்டை போட்டுத்தான் யூபிஎஸ் வாங்கவைத்தேன். “ஒரு பொட்டிக்கு இவ்ளோ பெரிய பேட்டரியாம்மா? காத்தாடியும் போட்டு விடவா?” என்றார் முதலாளி. “போடுங்க சார், அதுவும் வேணும்” என்றேன்.

தேர் எங்கள் தெருவுக்குள் வரும்போது மின்கம்பியில் முட்டாமலிருக்க கரண்டை நிறுத்துவார்கள். பன்னிரண்டு மணி என்றார்கள். அதற்குள் நகல் எடுத்து, சர்வரை அணைத்துவிடலாம் என்று ஒன்பதிலிருந்து நாற்பது மூட்டையைப் பதிந்துகொண்டிருந்தேன். அன்றைக்கென்று தேர் வேகமாக வந்துவிட்டது. பதினொன்றேகாலுக்கே கரண்ட் போனது, யூபிஎஸ் இரண்டுமுறை கத்திவிட்டு அணைந்தது, வாசல் நீர்மோர்ப் பந்தலில் பாட்டும் கூடவே நின்றது. மூட்டைகள் கலந்து கிடக்கின்றன, கொண்டுவந்தவர்கள் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள்.

ஆனால் சர்வரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பொத்தானை ஒருமுறை அமுக்கினேன், எல்லாவற்றையும் எழுதிமுடித்து முறையாக அணைந்தது.

மூட்டை அடுக்கும் செல்வி அக்கா ஓடிவந்தார். “மைக் செட்டு ஏம்மா நின்னுபோச்சு? உன் பேட்டரிலதானே சொருகியிருந்தேன்!”

“எப்பக்கா?”

“ஒம்பது மணிக்கே. எடமே இல்ல, அதான் உன் பொட்டி ஒயரப் புடுங்கிட்டு சொருகுனேன். கோச்சுக்காத பாப்பா.”

குனிந்து பார்த்தேன். சர்வருக்கு இருக்கும் ஒரே ஒயர், அதன் பிளக் தரையில் கிடந்தது. தொட்டேன், சுட்டது.

“சாமிதான் காப்பாத்திருக்கு” என்று குங்குமத்தோடு வந்தார் அக்கா. “பொட்டில வச்சீங்க, கெட்ட கோவம் வரும்” என்று தடுத்துவிட்டேன். கரண்ட் வந்ததும் பிளக்கைச் சொருகிப் பார்த்தேன், நாற்பது பதிவும் பதிந்த நேரத்தோடு அப்படியே இருந்தன. செல்விக்கு மணி தெரியாது என்கிறார் முதலாளி. ஒன்பதிலிருந்து பாட்டு ஓடியதைத் தெருவே கேட்டதே!

“சரி, இப்பப் புடுங்கிப் பாத்துடலாமே?” என்றும் கேட்டார். மாதாமாதம் யூபிஎஸ்ஸை நிறுத்திச் சோதிப்பவள் நான். அந்தப் பிளக்கை மட்டும் இன்றுவரை பிடுங்கிப் பார்க்கவில்லை. பயமெல்லாம் இல்லை. பிடுங்கியதும் அணைந்துவிட்டால் பரவாயில்லை, அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.