கைமேல் உட்காரும் ஷைலஜா

பாட்டை நிறுத்தியதும் ஷைலஜா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்கிறார். பாயில் வட்டமாக எட்டுப் பேர். நடுவே ஒரு தவில். "வாங்க வாங்க பூர்ணிமா" என்று பாடி நிறுத்துவார். பூர்ணிமா ஒரு தட்டு தட்டினால்தான் பாட்டு அடுத்த பெயருக்கு நகரும். "கை சும்மா இருக்காதுங்க, உதவி பண்ண ஓடிடும். அதான் மேலேயே உக்காந்துக்கறேன்."

வலங்கைமானில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் வந்துபோகும் பகல்நேர மையத்தில் இவர் இசை சிகிச்சையாளர். ஊருக்குப் பாட்டு டீச்சர். குரல் சுமார்தான். "நான் பாடினா கச்சேரியில எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. இங்க யாரும் போறதில்ல, அது போதும்" என்று அவரே சிரிக்கிறார்.

ஆளுக்கொரு பக்கம் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். பூர்ணிமாவுக்குச் சத்தம் ஆகாது. அவர் முறை வந்தால் தவில் கழியின் நுனியில் பழைய சாக்ஸ் ஏறும். நாற்பது வயது அஹமது கபீருக்குக் குடவாசல் பஸ் ஹாரன் என்றால் உயிர். அவர் பாட்டில் ஹாரன் உண்டு, அதை டீச்சரே வாயால் அடிப்பார். கடைசிப் பாட்டு எப்போதும் மெதுவானது. "முடிக்கும்போது ஆட்டம் போட்டா வீட்டுக்குப் போற வேன்ல சண்டை வருது சார்!"

வீட்டிலும் உதவிக்கு ஓடாத இதே கதைதான். கணவர் நாகேஸ்வரன் சாவியைத் தேடி வீட்டையே புரட்டுவார். அது வண்டியிலேயே தொங்குவது தெரிந்தும் டீச்சர் வாய் திறக்க மாட்டாராம். பாவம் அந்த மனிதர்.

செம்மொழிக்கு இருபத்திரண்டு வயது. பேச்சு இல்லை. அம்மா அம்சம் நடவு வேலைக்குப் போகாத நாட்களில் கூடவே வந்து பக்கத்தில் உட்காருவார். சட்டைப் பொத்தான் போடுவதும் சோறு ஊட்டுவதும் அம்சத்தின் கைதான். நான்கு மாதமாகத் தவிலிலும் மகன் கையைப் பிடித்துத் தட்டிவிடுவது அவரே. நான் போயிருந்த அன்று பாட்டு தொடங்குமுன் டீச்சரிடம் கேட்டார்: "எனக்கப்புறம் இவனுக்கு யாருங்க டீச்சர்?"

"அதுக்குத்தான்க்கா காத்திருக்கறது. இன்னிக்கு நீங்க கை வைக்காதீங்க."

"வாங்க வாங்க செம்மொழி." பாட்டு நின்றது. செம்மொழி தவிலைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், மறுபடி தவிலைப் பார்த்தான். அம்சத்தின் கை எழுந்தது. எனக்கும் பொறுக்கவில்லை, கழியை எடுத்துக் கொடுக்கலாமென்று குனிந்தேன்.

"சார், உங்க கையும் உள்ள!"

செருகிக்கொண்டேன். அம்சமும் தயங்கித் தயங்கித் தன் கைகளின் மேல் உட்கார்ந்தார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே போயிருக்கும். செம்மொழி கழியைத் தானே எடுத்தான்.

தொம்!

யாரும் கைதட்டவில்லை, தட்டினால் அவன் காதைப் பொத்திக்கொள்வான். கபீர் மட்டும் சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்தார். பாட்டு அடுத்த பெயருக்குப் போனது. அம்சம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்து மோவாய் வரை வந்துவிட்டது. துடைப்பதற்குக்கூட அவர் கையை வெளியே எடுக்கவில்லை.